முதற்பல்லி

சென்ற கோடை விடுமுறையின் தொடக்கத்தில், டல்லாஸிலிருந்து என் தங்கை மகன் தொலைபேசியில் அழைத்தான். வயது 11. பிறந்தநாளுக்கு அவன் கேட்டிருந்தது நாயுமன்று, பூனையுமன்று; ஒரு பல்லி. “கெக்கோ வாங்கித் தரேன்னு அப்பா சொல்லிட்டார் மாமா. எந்த கெக்கோன்னு நீங்கதான் சொல்லணும்” என்றான். பழம்புத்தகங்களுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் மாமனிடம் இதை ஏன் கேட்கிறான் என்று முதலில் விளங்கவில்லை. “மாமாவுக்குத்தான் எல்லாவற்றின் வரலாறும் தெரியும், அவரையே கேள்” என்று அவன் தாயார் தட்டிக்கழித்த கதை பிறகுதான் தெரிய வந்தது.

அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் அம்மாவுக்குத் தாங்கவில்லை. பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் இருக்கும் பல்லி விழும் பலனைக் கரைத்துக் குடித்தவர் அவர். “காசு கொடுத்தா பல்லி வாங்குவாங்க? இங்க வரச்சொல்லு, சமையலறையிலேயே பத்து இருக்கு” என்றார். சங்கப் பாடல்களிலேயே பல்லியின் சொல் கேட்டு நற்குறி பார்க்கும் வழக்கம் உண்டு. காஞ்சி வரதராசர் கோயிலில் பொன்பல்லியையும் வெள்ளிப்பல்லியையும் தொட இன்றும் வரிசை நிற்கிறது. பல்லியோடு நமக்கு இருப்பது நெடிய உறவுதான். ஆனால் அந்த ஈராயிரம் ஆண்டு உறவில் நாம் பல்லிக்கு ஒருநாளும் உணவிட்டதில்லை. அது சொல்வதைக் கேட்டுக்கொண்டதோடு சரி.

மருமகன் மூன்று பெயர்களைச் சொல்லி, மூன்று படங்களையும் அனுப்பினான்: டோக்கே, லெபர்ட் கெக்கோ, க்ரெஸ்டட் கெக்கோ. வளர்ப்பு நூல்கள் எல்லாம் தொட்டியின் அளவு, விளக்கின் வெப்பம், இரையின் வகை என்று பட்டியல் இடுகின்றன. தேவையானவைதாம். ஆயினும், இம்மூன்றும் மனிதர் கைக்கு வந்து சேர்ந்த வழியைத் தேடிப் படிக்கப் படிக்க, அவன் கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த வழியிலேயே கிடக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதை அவனுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கும் சொல்கிறேன்.

முதலில் டோக்கே. ‘கெக்கோ’ என்ற பெயரே இதன் குரலிலிருந்து பிறந்ததுதான். மலாய் மொழியில் இதன் கூவலைப் பெயராக்கி வழங்கினார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகப் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பணியாற்றி 1631இல் அங்கேயே மறைந்த யாக்கோபஸ் போன்ஷியஸ் இதைப் பற்றி எழுதி வைத்தார்; அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1658இல் அச்சேறிய நூலில் அது இடம்பெற்றது. அவர் கணக்கில் இது கொடிய நஞ்சுடைய பிராணி. நூறாண்டு கழித்து 1758இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோதும் அந்தப் பழி முற்றிலும் நீங்கிவிடவில்லை. உண்மையில் டோக்கேயிடம் நஞ்சு துளியும் இல்லை. தாடை உண்டு, கோபம் உண்டு. கடித்தால் விடாது. நீலச் சாம்பல் உடலில் செம்புள்ளிகளோடு பார்ப்பதற்குப் பேரழகாக இருக்கும். சிறுவன் படம் பார்த்து மயங்கியதில் வியப்பில்லை.

கடித்தல் ஒருபுறம் இருக்க, டோக்கேயின் அண்மைக்கால வரலாறு வேதனையானது. சீன மருத்துவத்தில் உலர்த்திய டோக்கேக்கு நெடுங்காலமாக இடமுண்டு. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது எய்ட்ஸ் நோயைக் குணமாக்கும் என்றொரு வதந்தி தென்கிழக்காசியாவில் காட்டுத்தீயாகப் பரவியது. பெரிய டோக்கே ஒன்றுக்குக் கற்பனைக்கெட்டாத விலை பேசப்பட்டது. அத்தகைய மருத்துவத்தை நம்ப வேண்டாம் என்று பிலிப்பைன்ஸ் அரசு 2011இல் எச்சரிக்கவே வேண்டியதாயிற்று. நம் நாட்டின் வடகிழக்கு மாநிலங்களிலும் கடத்தல்காரர்கள் மூட்டையும் கையுமாகப் பிடிபட்டனர். 2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு, பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் பட்டியலில் டோக்கேயைச் சேர்த்தது. செல்லப்பிராணிக் கடைகளில் தொங்கிய டோக்கேகளிலும் மிகப் பல காட்டில் பிடிக்கப்பட்டவையே. உடலில் ஒட்டுண்ணி, பயணத்தில் தாகம், கண்ணாடிச் சிறையில் அச்சம். அப்படிப்பட்ட ஒன்றைத் தேற்றி எடுப்பது அனுபவம் உள்ளவருக்கே கடினம். 11 வயதுச் சிறுவனுக்கு அதுவும் துன்பம், அதற்கும் துன்பம்.

“அப்ப வேண்டாம்” என்றான் உடனே. எனக்கு மகிழ்ச்சி.

அடுத்தது லெபர்ட் கெக்கோ. தமிழில் சிறுத்தைப் பல்லி என்று அழைத்துக்கொள்வோம். இதன் கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. இங்கு சற்று நின்று செல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். ஏனெனில் இந்தப் பல்லிக்குப் பெயர் வைத்த மனிதர் அப்படிப்பட்டவர்.

எட்வர்ட் பிளைத் 1810இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1841இல் வங்காள ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்துக்குக் காப்பாளராக வந்து சேர்ந்தார். சொற்பச் சம்பளம், முடிவில்லாத வேலை. கழகத்தின் உறுப்பினர்கள் சிலரோடு ஓயாத பிணக்கு. நாடெங்குமிருந்து படையதிகாரிகளும் நில அளவையாளர்களும் அனுப்பிய தோல்களையும் சாராயத்தில் ஊறிய உடல்களையும் வகைப்படுத்திப் பெயரிடுவதே அவர் வாழ்வாயிற்று. பறவைகளே அவருடைய முதற்காதல். ஆயினும் 1854இல், பஞ்சாபின் உப்புமலைத் தொடரிலிருந்து வந்த புள்ளிப் பல்லி ஒன்றை விவரித்துக் கழகத்தின் இதழில் எழுதினார். ‘மாகுலேரியஸ்’, அதாவது புள்ளிகளை உடையது, என்று பெயரிட்டார். பிற்கால அறிஞர்கள் அதனை யூப்லிஃபாரிஸ் என்ற பேரினத்தில் சேர்த்தனர்.

யூப்லிஃபாரிஸ் என்ற பெயரை 1827இலேயே உருவாக்கியவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் எட்வர்ட் கிரே. ‘நல்ல இமை’ என்று பொருள். நம் சுவர்ப்பல்லிக்கு அசையும் இமை கிடையாது. கண்ணில் தூசு விழுந்தால் நாவால் நக்கித் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லிக்கோ நம்மைப் போல் மூடித் திறக்கும் இமைகள் உண்டு. சுவரில் ஏற உதவும் பட்டைகள் விரல்களில் இல்லை, நகங்கள் மட்டுமே. சுவரேறாத பல்லி என்றால் நம்மூரில் யார் நம்புவார்கள்? ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய வறண்ட பாறை நிலங்களில், பகலெல்லாம் பொந்தில் கிடந்து அந்தியில் வெளிவந்து பூச்சிகளை வேட்டையாடும் பிராணி அது. பஞ்ச காலத்துக்கென்று கொழுப்பைத் தடித்த வாலில் சேமித்து வைத்துக்கொள்ளும்.

பிளைத்துக்குத் திரும்புவோம். இந்தப் பல்லியை அவர் விவரித்த மறு ஆண்டில், 1855இல், அவருக்கும் சார்லஸ் டார்வினுக்கும் கடிதப் போக்குவரத்து மும்முரமாயிற்று. டார்வின் அறிய விரும்பியது வீட்டு விலங்குகளைப் பற்றி. புறா, கோழி, மாடு, ஒட்டகம் என்று காட்டு விலங்கு எவ்வாறு வீட்டு விலங்காகிறது, கூண்டில் எவை இனம் பெருக்கும், எவை பெருக்கா என்றெல்லாம் பக்கம் பக்கமாகப் பிளைத் கல்கத்தாவிலிருந்து எழுதி அனுப்பினார். டார்வின் 1868இல் வெளியிட்ட வளர்ப்பு விலங்குகள் பற்றிய பெருநூலில் பிளைத்தின் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. அதுமட்டுமன்று. சம்பளம் போதாமையால் உயிருள்ள விலங்குகளை வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பும் வணிகத்திலும் பிளைத் இறங்கிப் பார்த்தார், பெரிதாகத் தேறவில்லை. உடல்நலம் குன்றி 1862இல் கல்கத்தாவை விட்டகன்று, 1873இல் மறைந்தார்.

காட்டுயிர் வீட்டுயிராகும் வழியைப் பற்றி டார்வினுக்கே பாடம் எழுதியவர், விலங்கு வணிகத்திலும் கைசுட்டுக்கொண்டவர். அவர் கையால் பெயர் பெற்ற ஒரு பல்லி, அவர் மறைந்து நூறாண்டுக்குப் பின் உலகிலேயே மிகுதியாக வீட்டில் வளர்க்கப்படும் பல்லிகளுள் ஒன்றாயிற்று! சாராயப் புட்டிக்குள் இருந்த அந்தப் புள்ளிப் பல்லியைத் தூக்கிப் பார்த்தபோது இதை அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

அது நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1970களிலும் 80களிலும் பாகிஸ்தானிலிருந்து இவை பெருந்தொகையாக மேலைநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. வந்தவற்றில் பல மாண்டன, தப்பியவை முட்டையிட்டன. பிற ஊர்வன கூண்டில் இனம் பெருக்கத் தயங்கிய காலத்தில் இவை தயங்கவில்லை. காட்டில் பிடித்து அனுப்புவதைவிடக் கூட்டில் குஞ்சு பொரிப்பது மலிவு என்ற நிலை வந்தது. இன்று அமெரிக்கக் கடைகளில் இருப்பவை பெரும்பாலும் பல தலைமுறையாக வளர்ப்பிலேயே பிறந்தவை.

அதற்கு அறிவியலும் துணை செய்தது. சிறுத்தைப் பல்லியின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது கருவிலுள்ள குரோமோசோம் அன்று; முட்டை அடைகாக்கப்படும் வெப்பம். 26 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய எல்லாமே பெண்கள். 32 டிகிரியை ஒட்டி ஆண்கள் மிகுதி. 34ஐத் தாண்டினால் மறுபடியும் பெண்கள் மிகுதி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ரூஸும் அவருடைய குழுவினரும் இதை மேலும் துருவினார்கள். அடைகாத்த வெப்பம், வளர்ந்த பின் அந்தப் பல்லியின் குணத்தையும் மாற்றுகிறது என்று 1988இல் வெளியான ஆய்வில் காட்டினர். அதிக வெப்பத்தில் பொரித்த பெண் பல்லிகள், குளிர்ந்த வெப்பத்தில் பொரித்த தம் சகோதரிகளைவிட முரட்டுத்தனம் மிக்கவையாக இருந்தன. விற்பவரிடம் “எத்தனை டிகிரியில் பொரித்தீர்கள்?” என்று கேட்பது கிறுக்குத்தனமன்று, நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்கலாம்.

இன்னொரு வேடிக்கை. இந்தப் பல்லியும் இதன் உறவினங்களும் வாழும் ஊர்ப்புறங்களில் இவை கொடிய நஞ்சுடையவை என்ற நம்பிக்கை நிலவுகிறது. கண்டவுடன் அடித்துக் கொல்கிறார்கள். போன்ஷியஸ் காலத்து அச்சம் இன்னும் போகவில்லை. பிறந்த நாட்டில் எமனாகக் கருதப்படும் பிராணி, கடல் கடந்த நாட்டில் குழந்தையின் உள்ளங்கையில் உறங்குகிறது.

மூன்றாவது, க்ரெஸ்டட் கெக்கோ. கண்ணுக்கு மேல் இமைமயிர் போல் முட்செதில்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். உண்மையான இமை கிடையாது. பிரான்சு, பசிபிக் பெருங்கடலின் நியூ கலிடோனியாத் தீவுகளை 1853இல் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. அங்கிருந்து பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு வந்த பல்லியை அல்போன்ஸ் கிஷெனோ 1866இல் விவரித்தார். அதன் பின் அப்பல்லி மனிதர் கண்ணில் படுவதே அரிதாகி, காலப்போக்கில் அற்றுப்போன இனம் என்றே கருதப்பட்டது. 1994இல் ராபர்ட் சைப் தலைமையில் சென்ற ஜெர்மானியர் குழு பைன்ஸ் தீவில் அதை மீண்டும் கண்டது. அதன் பிறகு சில விலங்குகள் வெளியே கொண்டுவரப்பட்டன. இன்று உலகெங்கும் வளரும் க்ரெஸ்டட் கெக்கோக்கள் அந்த ஆண்டுகளில் வெளிவந்த சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்களே. முப்பதே ஆண்டுகளில், அற்றுப்போனதாக எழுதப்பட்ட உயிர், கடைத்தெருவில் கிடைக்கும் உயிராகிவிட்டது. ஆனால் அதன் தாயகத்தில் நிலைமை வேறு. வெளியிலிருந்து வந்தேறிய சிறு தீயெறும்புகளும் எலிகளும் அங்கு அதை நெருக்குகின்றன. வீட்டில் பெருகியதால் காட்டில் பிழைத்துவிட்டது என்று பொருளில்லை.

என் தங்கை வீட்டில் இதற்குத்தான் முதலில் வாக்கு விழுந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அவர்கள் சைவம். சிறுத்தைப் பல்லிக்கு உயிருள்ள பாச்சைகளையும் மாவுப்புழுக்களையும் சுண்ணச்சத்துப் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். பாச்சை டப்பா வீட்டுக்குள் வருவதை நினைத்தே தங்கைக்குக் குமட்டியது. க்ரெஸ்டட் கெக்கோவோ காட்டில் கனிந்த பழங்களையும் தேனையும் பூச்சிகளோடு சேர்த்து உண்பது. பழமும் புரதமும் கலந்த பொடியைத் தண்ணீரில் குழைத்து வைத்தாலே அதன் பெரும்பாலான உணவு முடிந்தது. “பாதி சைவப் பல்லி” என்றாள் தங்கை.

ஆனால் டல்லாஸின் கோடையை மறந்துவிட்டார்கள். க்ரெஸ்டட் கெக்கோவுக்கு உகந்தது 22 முதல் 26 டிகிரி வரை. 28ஐத் தாண்டி நீடித்தால் துன்பம். அதற்கும் மேலே போனால் உயிருக்கே ஆபத்து. பையனின் அறை மாடியில். கோடையில் ஒரு பகல் குளிர்சாதனம் பழுதானால் என்ன ஆகும்? மேலும், இது தாவும் பிராணி. கையில் நிற்காது. அச்சத்தில் வாலை உதிர்த்தால் திரும்ப முளைக்காது. சுவர்ப்பல்லிக்கு முளைப்பதை எண்ணி ஏமாறக் கூடாது. சிறுத்தைப் பல்லிக்கு வால் மீண்டும் முளைக்கும், உருவம் மாறி இருக்குமே தவிர. குளிர்ந்த ஊரில், பொறுமையுள்ள கைகளில், க்ரெஸ்டட் கெக்கோ மிக நல்ல தொடக்கம்தான். இந்த வீட்டுக்கு அன்று.

ஆகச் சிறுத்தைப் பல்லி என்று முடிவாயிற்று. இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்கியது.

மருமகன் ஒரு படம் அனுப்பினான். எலுமிச்சை மஞ்சளில் பனி படர்ந்தாற்போன்ற உடல், வெள்ளி விழிகள். பெயர் ‘லெமன் ஃப்ராஸ்ட்’. “இதுதான் வேணும் மாமா.” அழகை மறுக்க முடியவில்லை. 1990களின் பிற்பாதியிலிருந்து வளர்ப்பாளர்கள் வெளிறிய பல்லி, புள்ளியற்ற பல்லி, ஆரஞ்சுப் பல்லி என்று நிறபேதங்களைப் பெருக்கிக்கொண்டே வந்தனர். ‘மார்ஃப்’ என்பது சந்தைப் பெயர். புறாப் பந்தயக்காரர்களும் கோழி வளர்ப்பாளர்களும் செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள். பிளைத் இருந்திருந்தால் டார்வினுக்கு இன்னொரு நீண்ட கடிதம் எழுதியிருப்பார். லெமன் ஃப்ராஸ்ட் 2015இல் ஒரு வளர்ப்பாளரின் குஞ்சுகளுக்கிடையே தானாகத் தோன்றியது. விலை உச்சத்துக்குப் போனது. சில ஆண்டுகளில் அந்த நிறமுள்ள பல்லிகளின் தோலில் வெண்கட்டிகள் எழுந்தன. லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் முடிவை வெளியிட்டார்கள்: நிறத்தைத் தரும் மரபணு மாற்றமும் புற்றுக்கட்டிகளும் ஒரே இடத்தோடு, எஸ்பிஐஎன்டி1 என்ற மரபணுவோடு, பிணைந்தவை, இந்நிறப் பல்லிகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் கட்டி காண்கிறது. அழகை வைத்துக்கொண்டு நோயை மட்டும் விலக்கிவிட வழி கிட்டவில்லை. ‘எனிக்மா’ என்றொரு வகை அதற்கு முன்பே வந்தது. அதில் பல தலை சாய்ந்து, வட்டமிட்டுச் சுழன்று, இரையைக் குறி தவறிக் கடிக்கும். இவற்றையும் தெரிந்தே பெருக்கி விற்றவர்கள் உண்டு என்பதை எழுதும்போது கை கூசுகிறது.

இதைச் சிறுவனுக்கு எப்படிச் சொல்வது? மறைக்காமல் சொல்வதென்று முடிவு செய்தேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அதுக்கு வலிக்குமா மாமா?” என்றான். வலிக்கும் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை.

இரண்டு மாதம் தேடினார்கள். சந்தையில் பளபளக்கும் விளம்பரங்களை எல்லாம் விட்டுவிட்டு, வீட்டிலேயே சிறிய அளவில் வளர்க்கும் ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். பெற்றோர் எவை, முட்டையிட்ட நாள், பொரித்த நாள், அடைகாத்த வெப்பம் எல்லாம் அவர் குறிப்பேட்டில் இருந்தன. பெண் குஞ்சு. காட்டில் இருப்பது போன்ற சாதாரண மஞ்சளும் கரும்புள்ளிகளும். அவரிடம் இருந்தவற்றிலேயே விலை குறைந்தது அதுதான். முன்பெல்லாம் சிறு தொட்டி, மணல் தரை என்று வைத்தார்கள். மணல் வயிற்றில் அடைத்து இறந்தவை பல. இப்போது 90 சென்டிமீட்டர் நீளத் தொட்டி, கெட்டியான தரை, வெப்பமான ஒரு பொந்து, குளிர்ந்த ஒரு பொந்து, ஈரப்பதமுள்ள மூன்றாவது பொந்து. அந்திப் பிராணிக்குப் புறஊதா ஒளி தேவையில்லை என்ற பழைய கருத்தும் மாறி, மெல்லிய அளவில் தருவது நன்று என்கிறார்கள். எல்லாவற்றையும் குஞ்சு வருமுன்பே பொருத்தி, ஒரு வாரம் வெப்பமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான் பையன். பாச்சை டப்பா வாகனக் கொட்டிலில் இருக்கிறது. தங்கை அந்தப் பக்கம் போவதில்லையாம். நன்கு பேணினால் 15, 20 ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் அது. பையன் படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகும் இருக்கும் என்பதை அவன் பெற்றோரிடம் மட்டும் தனியாகச் சொல்லி வைத்தேன்.

புள்ளிகளைப் பார்த்து ‘மிளகு’ என்று பெயர் வைத்திருக்கிறான். சென்ற வாரம் வீடியோவில் அழைத்துப் பாட்டிக்குக் காட்டினான். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். “எந்தத் திக்கிலிருந்து சொல்லுது?” என்று கேட்டார்.

“இது சொல்லாது பாட்டி. தூங்குது பாருங்க, கண்ணை மூடிட்டு.”

“பல்லி எங்கடா கண்ணை மூடும்?” என்றார் அம்மா. அவன் கைபேசியைப் பொந்தின் வாயருகே கொண்டுபோனான்.